நோயின் தூதைப் படித்த மேதை அர்ராஸி

திருவண்ணாமலை நகரில் வாழ்பவர்களுக்கும், பௌர்ணமிதோறும் அந்நகருக்கு வந்து செல்பவர்களுக்கும் மருத்துவமனை வாயில் புதிய காட்சியன்று. 14 கிலோமீட்டர் மலைப்பாதையை நடந்து களைத்துத் தள்ளாடி வந்தவர், செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பஸ் ஏறி வந்த காய்ச்சல்காரர், அவருக்குத் துணையாகத் தூக்குப்பாத்திரத்துடன் வந்த மனைவி மக்கள் எனப் பலரை அங்கே காணலாம். ஓர் உயிர் பிரிந்தபின் அவ்வாயிலில் நிற்கும் உறவினர்களுக்கு ஆறுதல் கூற நீங்கள் சென்றிருந்தால், ஒரு சொல்லைத் தவறாமல் கேட்டிருப்பீர்கள். திடீர் என்பதே அச்சொல். காலையில் இட்லி உண்டார், பேரனை விசாரித்தார், மாலையில் ஏதோ பிதற்றினார், இரவில் திடீரென்று போய்விட்டார் என்பார்கள். மரணத்தின் நேரம் இறைவன் வகுத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், மாலையில் ஏதோ பிதற்றினார் என்று நடுவே வந்து மறைந்த அந்தச் சிறு வாக்கியத்தை எவரேனும் நின்று கவனித்தார்களா?

அதைக் கவனித்த ஒருவர் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இருந்தார். அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி என்பது அவர் பெயர். லத்தீன் மொழியார் அதனை ரேஸஸ் என்று திரித்து வழங்கினர். நோய் முன்கூட்டியே தூது அனுப்பிவிட்டுத்தான் வருகிறது என்பதையும், அத்தூதைப் படிப்பவர் இல்லாத இடத்தில்தான் மரணம் திடீர் மரணமாகத் தோன்றுகிறது என்பதையும் நோயாளியின் படுக்கையருகே இருந்து கண்டு எழுதி வைத்தவர் அவர். உலகின் பல மருத்துவமனைகளில் இந்நாளில் வழங்கும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நம் நினைவு அவரிடமே செல்கின்றது. அவரது வாழ்வை இவ்வெள்ளியன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

இன்றைய ஈரானின் தலைநகரான தெஹ்ரானை ஒட்டி அக்காலத்தில் ரை என்னும் செல்வச் செழிப்பு மிக்க நகரம் இருந்தது. அந்நகரத்தவர் ஆதலின் ராஸி எனப்பட்டார். ஹிஜ்ரி 251ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 865இல் பிறந்தார். இளமையில் அவர் கைக்கொண்டது மருத்துவமன்று; நம் வீணையை ஓரளவு ஒத்த ஊத் என்னும் நரம்பிசைக் கருவியே. பாடுவதிலும் அதனை மீட்டுவதிலும் வல்லவராய் விளங்கினார் என்பர். பின்னர் இரசவாதத்தில் மனம் சென்றது. உலைக்களத்தின் புகையும் காரப் பொருள்களின் ஆவியும் அவர் கண்களைத் தாக்கின என்றும், கண்ணுக்கு மருந்து தேடப் போனவரே மருத்துவராகித் திரும்பினார் என்றும் அல்பீரூனீ தரும் செய்தியிலிருந்து அறிகின்றோம். மருத்துவம் பயிலத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. கல்விக்குக் காலம் கடந்துவிட்டது என்று நம் இல்லங்களில் இருபத்தைந்து வயதிலேயே பெருமூச்சு விடுவோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

கற்றுத் தேர்ந்தபின் ரை நகரத்து மருத்துவமனைக்குத் தலைவரானார். மருத்துவமனையை அக்காலத்தார் பீமாரிஸ்தான் என்றனர். நோயாளர் இல்லம் என்பது பொருள். அந்நகரின் ஆளுநராக இருந்த மன்ஸூர் இப்னு இஸ்ஹாக் என்பவருக்கு உரிமையாக்கி அவர் எழுதிய மருத்துவ நூல் அல்மன்ஸூரீ எனப் பெயர் பெற்று, பிற்காலத்தில் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. பின்னர் அவர் பக்தாத் சென்று அங்குள்ள மருத்துவமனைக்கும் தலைமை ஏற்றார்.

பக்தாதைச் சொல்லும்போது எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை ஒன்றுண்டு. மருத்துவமனை கட்ட நல்ல இடம் எதுவெனக் கேட்கப்பட்டபோது, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் செய்து, எங்கே இறைச்சி மிகத் தாமதமாகக் கெடுகின்றதோ அவ்விடமே காற்றுத் தூய்மையுள்ள இடம் என்று ராஸி காட்டினாராம். கதை அழகானது. ஆயினும் அதில் குறிப்பிடப்படும் அளுதீ மருத்துவமனை, ராஸி மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் எழுந்தது. மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ அவர்களே இம்முரண்பாட்டைக் கண்டு எழுதியிருக்கிறார். வேறொரு பழைய மருத்துவமனைக்காக அப்படி நடந்திருக்கலாம்; நடவாமலும் இருந்திருக்கலாம். ராஸியின் பெருமைக்கு அந்த இறைச்சித் துண்டுகள் தேவையில்லை என்பது நம் கருத்து.

அவர் பெருமையைக் காட்ட வல்லது வேறொரு செய்தி. ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், பக்தாதின் நூல் வணிகர் இப்னு நதீம் தம் பெருநூலான ஃபிஹ்ரிஸ்தை எழுதினார். ராஸியை நேரில் அறிந்த ரை நகரத்து முதியவர் ஒருவர் சொன்னதாக அதில் அவர் தரும் விவரம் இது. தலை பெருத்த முதியவராகிய ராஸி தம் மன்றத்தில் அமர்ந்திருப்பார். அவருக்கு முன்னால் அவருடைய மாணவர்கள். அவர்களுக்கு முன்னால் அம்மாணவர்களின் மாணவர்கள். அவர்களுக்கும் முன்னால் இன்னும் இளையோர். நோயாளி வந்தால் முதலில் எதிர்ப்படுபவர் கடைசி வரிசை இளைஞரே. தம் குறையை நோயாளி அவரிடம் சொல்லுவார். அவருக்கு விடை தெரிந்தால் அங்கேயே முடிந்தது. தெரியாவிட்டால் அடுத்த வரிசைக்குச் செல்லும். அவர்களும் அறியாவிட்டால் அதற்கடுத்த வரிசைக்கு. எவராலும் இயலாதபோதே ராஸி பேசுவார்.

வாசகர்களே, இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பெரிய மருத்துவரின் நேரம் சளிக்கும் தலைவலிக்கும் செலவாகாமல் காக்கப்பட்டது என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் மற்றொன்று. கடைசி வரிசை இளைஞர் தமக்குத் தெரியவில்லை என்று மேலே அனுப்புவது அங்கே இழிவாகக் கருதப்படவில்லை. அதுவே அவருடைய கடமையாக இருந்தது. ஒரு வார்டில் இரவுப் பணியிலிருக்கும் இளம் செவிலியர், நள்ளிரவில் டியூட்டி டாக்டரை எழுப்பலாமா, எழுப்பினால் சினந்துகொள்வாரோ என்று தயங்குகின்ற பத்து நிமிடங்களில் எத்தனை உயிர்களின் கதை முடிந்திருக்கும்! அத்தயக்கத்திற்கே இடம் வைக்காத ஏற்பாடு அது.

இனி அவர் எழுதிய குறிப்புகளுக்கு வருவோம். நம் மருத்துவமனைகளில் கேஸ் ஷீட் என்று வழங்குகின்ற தாள் இருக்கின்றதே, அதைப் போன்ற குறிப்புகளை ராஸி தம் நோயாளிகள் பலருக்கு எழுதினார். நோயாளி யார், என்ன வயது, நோய் எந்நாள் தொடங்கியது, எந்நாள் எக்குறி தோன்றியது, என்ன கொடுக்கப்பட்டது, முடிவு யாது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. மாணவர்கள் தொகுத்த அனுபவ நூல் ஒன்றில் ஏறத்தாழ 900 நோயாளர்களின் செய்திகள் உள்ளன. தமக்கு வெற்றி கிட்டியவற்றை மட்டும் எழுதிப் பெருமை கொள்ளும் வழக்கம் எக்காலத்திலும் உண்டு. ராஸியோ தம் கணிப்புப் பிசகியதையும் எழுதினார்.

அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரின் செய்தி அத்தகையது. அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு சமயம் ஆறு நாளுக்கு ஒருமுறை, ஒரு சமயம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சமயம் அன்றாடம். காய்ச்சலுக்கு முன் இலேசான குளிர் நடுக்கம் இருந்தது. சிறுநீரும் அடிக்கடி பிரிந்தது. முறைக்காய்ச்சலாக மாறப்போகின்றதா, சிறுநீரகத்தில் புண் உள்ளதா என்ற இரண்டுக்கும் இடையே ராஸி நின்றார். சில நாட்களில் சிறுநீரில் சீழ் வந்தது, ஐயம் தீர்ந்தது. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளால் சீழை நீக்கிப் பிறகு புண்ணை ஆற்றும் மருந்துகளைக் கொடுத்தார். இரண்டு மாதத்தளவில் அவர் குணமடைந்தார். இங்கே முடித்திருந்தால் அது வெற்றிக் கதை. ஆனால் ராஸி மேலும் எழுதுகிறார். எழுந்து நிற்கும்போது இடுப்பில் ஏதோ பாரம் தொங்குவதுபோல் தோன்றுகின்றது என்பதை நோயாளி முதலில் தம்மிடம் கூறவில்லை. தாமும் அதைக் கேட்கத் தவறினார். கேட்டிருந்தால் முன்னரே உறுதி செய்திருக்கலாம் என்கிறார். ஒரு கேள்வி கேட்கப்படாமல் நின்றது. அதனை அவர் மறைக்காமல் ஏட்டில் ஏற்றினார்.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது அவர் மூளை உறைக் காய்ச்சலைப் பற்றி எழுதியதாகும். அக்கால மருத்துவர்கள் அதனை ஸிர்ஸாம் என்றனர். நோயாளி பிதற்றத் தொடங்குவதைக் கண்டு நம் பாட்டிமார் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அந்நிலையில் கொண்டுபோய் விடக்கூடியது. ஜன்னி கண்டபின் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதை உணர்ந்த ராஸி, அதற்கு முந்திய நாட்களை ஆராய்ந்தார். தலையிலும் கழுத்திலும் மந்தமும் வலியும் மூன்று, நான்கு, ஐந்து நாட்களோ அதற்கு மேலோ நீடித்தல், கண்கள் வெளிச்சத்தை வெறுத்தல், மிகுதியாகக் கண்ணீர் வடிதல், ஓயாத கொட்டாவியும் உடல் முறித்தலும், கடும் உறக்கமின்மை, அளவு கடந்த சோர்வு. இவை சேர்ந்து காணப்படின் நோயாளி ஸிர்ஸாமை நோக்கிச் செல்கின்றார் என்று எழுதினார்.

இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். கொட்டாவி விடாதவர் யார்? தலைவலி வராத வீடு எது? உறக்கம் கெட்ட இரவு எவருக்கில்லை? ஒன்று மட்டும் வந்தால் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் பல சிறு குறிகள் ஒரே உடலில் ஒரே வேளையில் கூடும்போது அவை பெரிய செய்தியாகி விடுகின்றன. குறிகளைக் கூட்டிப் பார்க்கும் இந்தக் கணக்கே ராஸியின் கணக்கு.

அங்கும் அவர் நிற்கவில்லை. அக்குறிகள் கண்டவர்களுக்கு இரத்தம் வெளியேற்றுவது அக்கால வழக்கம். அது உண்மையில் பயன் தருகின்றதா என அறிய, ஒரு பிரிவினருக்கு அதனைச் செய்து, மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டு, இரு பிரிவினரையும் ஒப்பிட்டார். செய்யப்படாதவர்களுக்கு ஸிர்ஸாம் கண்டது என்று முடிவு கூறினார். இரத்தம் வெளியேற்றுவதை இன்றைய மருத்துவம் இந்நோய்க்கு ஏற்காது. இருதரத்தாரையும் சமமாகப் பிரிக்கும் முறையும் அன்று இல்லை. எனவே அம்முடிவு நிலைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தே கூற வேண்டும் என்ற எண்ணமும், முன்குறிகளின் பட்டியலுமே நிலைத்தன. கழுத்து வலியும் வெளிச்சக் கூச்சமும் இன்றும் மருத்துவ மாணவர்கள் மனனம் செய்யும் குறிகளாகும்.

ராஸியின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற நூல் பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றியது. அல்ஜுதரீ வல்ஹஸ்பா என்பது அரபுப் பெயர். இவ்விரண்டையும் வேறு வேறெனப் பிரித்துத் தெளிவாக விளக்கிய முதல் தனிநூலாக இதனையே அறிஞர்கள் கொள்கின்றனர். 1848இல் லண்டனில் கிரீன்ஹில் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 900 ஆண்டுகளுக்கு மேல் பழமையான மருத்துவ நூல் ஒன்றை நீராவி ரயில் ஓடிய காலத்தில் மொழிபெயர்த்துப் படித்தார்கள் என்றால் அதன் தகுதியை அறியலாம்.

பெரியம்மையை நம் முந்தைய தலைமுறை நன்கறியும். அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தெருவே அடங்கிவிடும். ஆனால் வேப்பிலை செருகப்படுவது கொப்புளம் கண்ட பின்னரே. ராஸி கொப்புளத்திற்கு முந்திய நாட்களைப் பார்த்தார். விடாத காய்ச்சல், முதுகு வலி, மூக்கரிப்பு, உறக்கத்தில் திடுக்கிட்டு அஞ்சுதல், உடலெங்கும் குத்தும் உணர்வு, முகமும் கண்களும் சிவத்தல் ஆகியவற்றை முன்குறிகளாகத் தந்தார். முதுகு வலி மிகுந்தால் பெரியம்மை எனவும், மனக்கலக்கமும் குமட்டலும் மிகுந்தால் தட்டம்மை எனவும் வேறுபாடு கூறினார். கொப்புளம் வெளிவந்த பிறகும் காய்ச்சல் தணியாவிடில் தீய குறி என்றார். கொப்புளம் ஊதாவாகவும் பச்சையாகவும் கறுப்பாகவும் மாறினும் தீய குறி என்றார். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975இல் காணப்பட்டது. 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் மறைந்தது, அதைப் பார்த்த பார்வை மறையவில்லை.

ராஸியிடம் வெப்பமானி இல்லை. நொடி காட்டும் கடிகாரமும் இல்லை. காய்ச்சலைப் புறங்கையால் அறிந்தார். நாடியை விரலால் அறிந்தார். காய்ச்சலை அளந்து நாள்தோறும் தாளில் வரைந்து படிக்கும் முறையை ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட தம் நூலால் பரப்பினார். அதன்பின் உலகெங்கும் கட்டில் கால்மாட்டில் தாள் தொங்கியது. தாளில் எண்கள் ஏறின. ஆனால் வாசகர்களே, எண் எழுதுவது வேறு. அதைப் படிப்பது வேறு.

1990இல் அமெரிக்காவின் மயாமியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே இருதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். அவர்களுள் 54 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 84 பேருக்கு, இருதயம் நிற்பதற்கு முந்திய எட்டு மணி நேரத்திற்குள்ளேயே நிலை மோசமானதற்கான குறிகள் தாளில் பதிவாகியிருந்தன. எழுதியவரும் இருந்தார், தாளும் இருந்தது, தூதும் வந்திருந்தது. கூட்டிப் படித்தவர் இல்லை.

இக்குறையைத் தீர்க்கவே முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை தோன்றியது. 1997இல் இங்கிலாந்தில் அதன் முதல் வடிவம் வெளியிடப்பட்டது. 2012இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே அட்டவணையை வகுத்து, 2017இல் அதைத் திருத்தியது. அதன் அமைப்பு மிக எளியது. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பி.பி. எவ்வளவு, நாடித்துடிப்பு எத்தனை, உடல் வெப்பம் எவ்வளவு, நினைவு தெளிவாக உள்ளதா என்னும் ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கப்பட்டால் மேலும் 2. பள்ளித் தேர்வு போலன்று. இங்கே மதிப்பெண் குறைவதே நலம். கூட்டுத் தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் பார்க்க வேண்டும். 7 ஆனால் தீவிர சிகிச்சைத் திறன் உள்ளோரை உடனே அழைக்க வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். காலையில் ஒருவருக்கு மூச்சு 18, நாடி 88, மேல் பி.பி. 122, காய்ச்சல் 100 டிகிரி, ஆக்சிஜன் 97. மதிப்பெண் சுழியம். நண்பகலில் மூச்சு 22, நாடி 104, பி.பி. 108, காய்ச்சல் 101, ஆக்சிஜன் 96. தனித்தனியே பார்த்தால் எதுவும் அச்சுறுத்தவில்லை. காய்ச்சல் இருந்தால் நாடி ஏறத்தானே செய்யும் என்று எவரும் சமாதானம் சொல்லுவார். ஆயின் மூச்சுக்கு 2, நாடிக்கு 1, பி.பி.க்கு 1, காய்ச்சலுக்கு 1 எனக் கூட்டினால் 5. மணி அடிக்கப்பட வேண்டிய நேரம் அதுவே. மாலையில் அவர் ஏதோ பிதற்றினால் மேலும் 3 சேர்ந்து 8 ஆகின்றது. புதிதாகத் தோன்றும் மனக்குழப்பத்தை 2017 திருத்தத்தில்தான் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். பழைய அட்டவணைகளில் விழிப்பு, மயக்கம் என்பனவே பார்க்கப்பட்டன. அப்பிதற்றலை முதலில் காணக்கூடியவர் யார்? அறுபது படுக்கைகளுக்கிடையே ஓடும் செவிலியரா? அன்று, கட்டிலருகே விசிறியுடன் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோதான். நேற்றுவரை அவர் எப்படிப் பேசினார் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். ஆகவே, திருவண்ணாமலையாயினும் வேறெந்த ஊராயினும், உங்கள் நோயாளி நாள் தெரியாமல் பேசினாலும், ஆளை மாற்றி அழைத்தாலும், மூச்சு முன்னைவிட விரைந்தாலும், அது களைப்பு என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். முதல் முறை கவனிக்கப்படாவிடில் மறுமுறையும் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நெஞ்சு எத்தனை முறை எழுந்து தாழ்கின்றது என எண்ணுவதற்குப் படிப்புத் தேவையில்லை. 25ஐத் தொட்டால் அதுமட்டுமே 3 மதிப்பெண்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு வேறு கணக்கு. நாட்பட்ட நுரையீரல் நோயினர் சிலருக்கு ஆக்சிஜன் அளவு தனியே கொள்ளப்படும். மதிப்பெண் சுழியமாக இருந்தும் ஒருவர் முகத்தைக் கண்டு செவிலியருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் மருத்துவரை அழைப்பதே முறை. எண் அனுபவத்திற்குத் துணை, அதற்கு மாற்றன்று. இவ்வட்டவணையை வகுத்தவர்கள் ராஸியைப் படித்துவிட்டு வகுத்தார்கள் என்று நாம் கூறவரவில்லை. நம்மவர் அன்றே கண்டுவிட்டனர் என்று எதற்கெடுத்தாலும் மார்தட்டும் பழக்கம் அறிவுக்கு உதவாது. இரண்டிலும் ஒரே கணக்கு இருக்கின்றது, அவ்வளவே.

ராஸி ஏழைகளிடம் பரிவு மிக்கவர். வறிய நோயாளிகளுக்குத் தம் கைப்பொருளை ஈந்து, தாமே உடனிருந்து பணிவிடை செய்தார் என்று இப்னு நதீம் குறிக்கின்றார். மருத்துவரை அடைய வழியற்றவர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யத்தக்க மருத்துவம் அதில் உள்ளது. தேர்ந்த மருத்துவரை விட்டுவிட்டு மக்கள் ஏன் போலிகளை நாடுகின்றனர் என்பதைப் பற்றியும் தனியே எழுதினார். அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை மார்க்க அறிஞர்கள் வன்மையாக மறுத்தனர். அவர் நூல்களுக்குப் பட்டியல் தயாரித்து 184 பெயர்களைத் தந்த அல்பீரூனீயும் அவற்றை ஏற்கவில்லை. அந்த வாதத்தில் நாம் ஈண்டு புகவில்லை.

எழுத்தே அவர் உயிர். எப்போது சென்றாலும் ஏதேனும் எழுதிக்கொண்டோ படியெடுத்துக்கொண்டோ இருப்பார் என்பர். ஒரே ஆண்டில் தாயத்து எழுத்துப் போன்ற நுண்ணிய எழுத்தில் 20,000 பக்கங்களுக்கு மேல் எழுதியதாகவும், ஒரு பெருந்தொகுப்புக்காக 15 ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்ததில் பார்வை மங்கிக் கைத்தசையும் நலிந்துவிட்டதாகவும், பிறரைக் கொண்டு படிக்கவும் எழுதவும் செய்து வருவதாகவும் அவரே தம் நூலொன்றில் குறிப்பிடுகிறார். இறுதிக் காலத்தில் பார்வை முற்றிலும் போயிற்று. ஆளுநர் சினந்து புத்தகத்தால் தலையில் அடித்ததால் குருடானார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அவரது சொந்த வாக்குமூலம் இருக்க, அக்கதையை நாம் நம்ப வேண்டுவதில்லை. கண்புரை நீக்க வந்த மருத்துவரிடம், கண்ணில் எத்தனை உறைகள் உள்ளன என்று ராஸி வினவினாராம். அவருக்கு விடை தெரியவில்லை. அறியாதவர் தம் கண்ணைத் தொட வேண்டாம் என்று மறுத்துவிட்டார் என்பது செவிவழிச் செய்தி. ஹிஜ்ரி 313, அதாவது கி.பி. 925இல், பிறந்த ஊராகிய ரையிலேயே காலமானார் என்பது பெரும்பாலோர் கொள்கை.

அவர் விட்டுச் சென்றது கட்டுக்கட்டாகக் குறிப்புத் தாள்கள். அவை அவருடைய சகோதரியிடம் இருந்தன. புவைஹிய அரசின் அமைச்சராக விளங்கிய இப்னுல் அமீத் என்பவர், பெரும்பொருள் கொடுத்து அத்தாள்களை அவ்வம்மையாரிடமிருந்து பெற்று, ரை நகரில் எஞ்சியிருந்த ராஸியின் மாணவர்களை ஒன்றுகூட்டி ஒழுங்குபடுத்தச் செய்தார். கிதாபுல் ஹாவீ என்னும் பெருநூல் இவ்வாறு பிறந்தது. 1279இல் சிசிலியில் ஃபரஜ் இப்னு ஸாலிம் என்னும் யூத அறிஞர் அரசர் சார்லஸுக்காக அதை லத்தீனில் பெயர்த்து முடித்தார். 1486இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் அச்சேறியது.

அரபு மூலமோ நம் நாட்டில்தான் முழுமையாக அச்சு வடிவம் பெற்றது. ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா நிறுவனம் 1955 முதல் தொடர்ந்து 23 பாகங்களாக அதை வெளியிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் கிரேக்கரான ஜாலீனூஸ் என்ன சொன்னார், புக்ராத் என்ன சொன்னார், இந்திய மருத்துவர் சரகர் என்ன சொன்னார் என்று வரிசையாகத் தந்து, அவற்றின் கீழ் லீ என்று ஒரு சிறு சொல்லை இட்டுத் தம் கருத்தை ராஸி எழுதுகிறார். என்னுடையது என்பது அதன் பொருள். அவ்வாறு எழுதப்பட்ட இடங்கள் பலவற்றில், படுக்கையில் கிடந்த ஒருவருக்கு எந்நாளில் எக்குறி தோன்றியது என்பதும், அதற்கு மறுநாள் என்ன நேர்ந்தது என்பதும் உள்ளன.